நீர்நிலைப் பூங்காக்களும் கொசுவின் வேளையும்

காஜாங் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் வசிக்கும் நம்மவர்கள், ஓய்வு நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பசுமையான ஓரிடத்தில் சிறிது நேரம் உலாவி, நீர்ப்பறவைகளைக் கண்டு, நல்ல காற்றைச் சுவாசித்து வர விரும்பினால், அதற்காக நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டிய அவசியமில்லை. மேற்கே புத்ராஜெயாவின் ஈரநிலப் பூங்காவும், அதனைக் கடந்தால் டெங்கில் வட்டாரத்தில் பாயா இண்டா நீர்நிலைகளும், கடற்கரையை நோக்கிச் சற்று நீண்ட வழி சென்றால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் அலையாத்திக் காடும் இருக்கின்றன. ஆயினும், “அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், தண்ணீர் நின்றால் கொசு இருக்கும், கொசு கடித்தால் டிங்கி வரும்” என்று அஞ்சி அந்தப் பக்கமே போகாதவர்கள் ஒருபுறமும், அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக அந்தி சாயும் நேரத்தில் அங்கே சென்று, கையும் காலும் தடித்து வீங்க, இனி அந்த இடமே வேண்டாம் என்று திரும்புபவர்கள் மறுபுறமுமாக, நம் குடும்பங்கள் இரு பிரிவாக நிற்கின்றன.

இவ்விரு சாராரின் தொல்லைக்கும் மூலம் ஒன்றே: கொசு என்பது ஒரே ஜாதிப் பிராணி என்றும், அது எங்கும் எப்போதும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்றும் எண்ணிவிடுவது. உண்மையில் ஒவ்வொரு கொசு இனத்துக்கும் தனக்கென ஒரு நீர்நிலை, தனக்கென ஒரு வேளை, தனக்கென ஒரு சுபாவம் உண்டு. அவற்றை அறிந்துகொண்டவர், எந்தப் பூங்காவுக்கு எந்நேரத்தில் எவ்வித ஏற்பாட்டுடன் செல்லலாம் என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்த அறிவை அளிப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கிள்ளான் கற்பித்த பாடம்

கொசுவை இனம் பிரித்து அறிய வேண்டும் என்னும் இக்கருத்து, உலகுக்கே பாடமாகும் வண்ணம் நடைமுறையில் நிரூபிக்கப்பட்ட இடங்களுள் நமது கிள்ளான் வட்டாரம் முதன்மையானது என்பதை நம்மில் பலர் அறியார். ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் செகந்திராபாத்தில் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்து நான்கு ஆண்டுகள்கூட முற்றுப்பெறாத வேளையில், 1901ஆம் ஆண்டில், மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளான் மாவட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். சதுப்பு நிலத்தின் நடுவே இருந்த கிள்ளான் நகரிலும், அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டு இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மக்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள்; கட்டி முடித்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. வாட்சன் சுற்றியிருந்த சதுப்பை வடித்தும் பள்ளங்களைத் தூர்த்தும் காட்டை வெட்டியும் வேலை செய்வித்தார். அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலும் மரணமும் பெருமளவில் குறைந்தன.

பின்னர் அவர், நம் முன்னோர்கள் பால்மரம் வெட்டிப் பிழைத்த தோட்டங்களுக்குச் சென்றபோது, இதைவிட ஆழமான ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. கடலோரச் சமநிலத்தில் மலேரியாவைப் பரப்பிய அனாபிலிஸ் இனம் நிழலடர்ந்த சதுப்புக் குட்டைகளில் பெருகுவது. ஆகவே காட்டை அழித்து நீரை வடித்ததும் அது ஒழிந்தது. ஆனால் குன்றுப் பகுதிகளில் மலேரியாவைப் பரப்பியதோ, வெயில் படும் தெளிந்த ஓடைகளை நாடும் வேறோர் இனம். ஆகவே அங்கே காட்டை வெட்டியதால் ஓடைகளில் வெயில் விழுந்து, நோய் குறைவதற்குப் பதிலாகப் பெருகியது. ஒரே செயல் ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் விஷமாகவும் முடிந்ததைக் கண்ட வாட்சன், எந்த இனம் நோயைச் சுமக்கிறதோ அதன் சுபாவத்தை அறிந்து, அதற்கு மட்டும் பொருந்தும் உபாயத்தைக் கையாள வேண்டும் என்று வற்புறுத்தினார்; குன்றுத் தோட்டங்களில் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும் நீர்மேல் எண்ணெய் தெளித்தும் காரியத்தைச் சாதித்தார். லயங்களில் வாழ்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் உயிரைக் காத்த இந்தச் சித்தாந்தத்தையே, பூங்காவுக்குச் செல்லும் நாமும் சிறிய அளவில் கடைப்பிடிக்க வேண்டும்.

நான்கு இனங்களும் அவற்றின் வேளைகளும்

முதலாவது, ஏடிஸ். கரிய உடலிலும் கால்களிலும் வெண்புள்ளியும் வரியும் கொண்ட இக்கொசுவே டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது. இது பகலில் கடிப்பது; விடிந்த பின் சில மணி நேரமும், அஸ்தமனத்துக்கு முந்திய சில மணி நேரமும் இதன் ஊக்கம் மிகுதி. நாம் அஞ்சுவதற்கு மாறாக, இது பரந்த ஏரியிலோ தாமரைக் குளத்திலோ முட்டையிடுவது அபூர்வம். ஏடிஸ் எகிப்தி என்னும் வகை வீட்டையும் வீட்டுச் சூழலையும் சார்ந்தது. பூச்சாடித் தட்டு, வாளி, பழைய டயர், கூரைத் தகரத்தின் தண்ணீர்த் தாரை ஆகியவையே அதன் நாற்றங்கால். ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் வகை மரஞ்செடிகளைச் சார்ந்தது. மூங்கில் தறிகளிலும், மரப்பொந்துகளிலும், இலைக்கணுக்களிலும், பார்வையாளர் வீசிச் சென்ற நெகிழிக் கோப்பைகளிலும் தேங்கும் சிறிதளவு மழைநீரே அதற்குப் போதும். ஆகவே பூங்காவில் டிங்கிக் கொசுவுக்கு அஞ்ச வேண்டிய இடம் ஏரிக்கரை அன்று. நிழல் அடர்ந்த புதரோரமும், மூங்கில் தோப்பும், குப்பை சேர்ந்த மூலைகளுமே.

இரண்டாவது, மான்சோனியா. ஈரநிலத்துக்கே உரிய கொசு இதுவே. மற்றக் கொசுக்களின் புழுக்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சு விடுகையில், இதன் புழுவோ வெங்காயத்தாமரை, அந்தரத்தாமரை முதலிய நீர்ச்செடிகளின் வேரில் தன் மூச்சுக்குழலைக் குத்தி, அந்த வேரிலுள்ள காற்றையே உறிஞ்சி, நீருக்குள்ளேயே மறைந்து வளர்கிறது. சூரியன் மறைந்ததும் கூட்டமாக எழுந்து, துணியின் மேலும் ஊசி செலுத்தும் அளவுக்குத் தீவிரமாகக் கடிப்பதால், அந்தி வேளையில் நீர்நிலை ஓரத்தில் நம்மை வாட்டுபவை பெரும்பாலும் இவையே. ஒரு காலத்தில் இந்நாட்டின் சதுப்புக் காட்டோரக் கிராமங்களில் காணப்பட்ட யானைக்கால் நோயைப் பரப்பியவையும் இவ்வினத்தனவே. எனினும் அந்நோய் ஓரிரு கடியால் தொற்றுவதன்று. அந்த இடத்திலேயே வாழ்ந்து நெடுங்காலம் கடிபட்டவருக்கே பெரும்பாலும் நேர்வது.

மூன்றாவது, கியூலெக்ஸ். சாக்கடை நீரிலும் கழிவு கலந்த குட்டையிலும் பெருகும் வகை இரவில் நம் உறக்கத்தைக் கெடுப்பது; வயல்களிலும் புல்லடர்ந்த நீரிலும் பெருகும் சில வகைகள், பன்றியிலிருந்தும் கொக்கு நாரை முதலிய பறவைகளிலிருந்தும் மூளைக்காய்ச்சல் கிருமியை அரிதாக மனிதருக்குக் கடத்துவன. இவை இரவில் கடிப்பவை.

நான்காவது, அனாபிலிஸ். அந்தி முதல் விடியல் வரை இதன் ஆட்சி. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் உள்நாட்டில் தோன்றவில்லை என்பது பெருமைக்குரிய செய்தி. ஆனால் நீள்வால் குரங்குகளிலும் பன்றிவால் குரங்குகளிலும் வாழும் நோலெசி என்னும் மலேரியாக் கிருமி, காட்டு அனாபிலிஸ் கொசுக்களின் வழியாக இன்றும் மனிதரைத் தாக்கி வருகிறது. திறந்த ஏரிப் பூங்காவில் இதன் அபாயம் குறைவு. உலு லங்காட் மலையோர அருவிகளுக்குச் சென்று, காட்டருகே கூடாரமிட்டு இரவு தங்குவோரே இதில் விசேஷக் கவனம் கொள்ள வேண்டும்.

எந்தப் பூங்காவுக்கு எந்நேரம்?

நமது நாட்டில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டிச் சூரியன் உதித்து, மாலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் மறைகிறது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஏடிஸின் ஊக்கம் தணிந்து, வெயிலும் பொறுக்கத்தக்கதாக இருப்பதால், கைக்குழந்தையும் முதியோரும் உள்ள குடும்பங்களுக்கு அதுவே உத்தமமான வேளை. பறவை பார்க்க விரும்புவோர் உதயத்திலேயே சென்றாக வேண்டும். அவர்கள் உடையாலும் தைலத்தாலும் முழுப் பாதுகாப்புச் செய்துகொண்டே செல்லட்டும். மாலையில் செல்வோர் ஆறரை மணிக்குள் நீரோரத்தை விட்டு அகன்றுவிடுவது நலம். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதியாகப் பெய்வதால், முட்டை கொசுவாவதற்குத் தேவையான ஏழு முதல் பத்து நாள் கழித்துக் கொசு பெருகும் என்பதை நினைவில் வைப்பது நன்று.

புத்ராஜெயாவின் ஈரநிலம், முன்பு ரப்பரும் செம்பனையும் விளைந்து, நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல வாழ்ந்த தோட்ட நிலத்தில், 1997இல் தொடங்கி 1998இல் மனிதரால் அமைக்கப்பட்டது. ஆற்றுநீர் நகரின் ஏரியை அடையுமுன் அதிலுள்ள அழுக்கை நாணலும் கோரையும் உறிஞ்சித் தூய்மையாக்கும் பொருட்டு, இருபத்து நான்கு பாத்திகளாக நீர் தேக்கப்பட்டிருக்கிறது. நீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கிச் செல்வதாலும், கொசுப் புழுக்களைத் தின்னும் மீன்கள் அதில் வாழ்வதாலும், இத்துணை நீர்ப்பரப்பு இருந்தும் கொசு கட்டுக்கடங்காமல் பெருகுவதில்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஈரநிலம் கொசுப் பண்ணை ஆகாது என்பதற்கு இது தக்க உதாரணம். இங்கே நடைபாதையின் நடுவிலும் உயரமான காட்சிக் கோபுரத்தின் மீதும் காற்று வீசுவதால் கொசு குறைவு. செடி மூடிய ஒற்றையடிப் பாதையில் நீண்ட நேரம் அசையாமல் நிற்பதைத் தவிர்க்க.

பாயா இண்டா, கைவிடப்பட்ட ஈய லம்பங்களில் நீர் நிறைந்து உண்டான ஏரிகளின் தொகுதி. வனவிலங்குத் துறையின் பராமரிப்பில் இருப்பது. முதலையும் நீர்யானையும் காண வரும் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்த இடம். இங்கே தாமரையும் நீர்ச்செடிகளும் அடர்ந்த கரைகளில் மான்சோனியாவை எதிர்பார்க்கலாம். ஆகவே சிற்றுண்டிக்குப் பாய் விரிக்கும் இடத்தை நீர்விளிம்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான மேட்டில் தேர்ந்தெடுங்கள்.

கோலசிலாங்கூரில் நிலைமை வேறு. கடல் ஏற்ற இறக்கத்தால் நாள்தோறும் கழுவப்படும் அலையாத்திக் காட்டில் கொசுப் புழு தங்குவது கடினம். பெரிய ஓதத்தின்போது உட்புறப் பள்ளங்களில் ஏறி, பின் வடியாமல் தங்கிவிடும் உப்புநீர்க் குட்டைகளிலேதான் அவை பெருகுகின்றன. உட்காட்டுப் பலகைப் பாதையில் காற்றே வீசாது; அங்கே நடுப்பகலிலும் கடி உண்டு. அருகிலுள்ள கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறி, பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிவிடுவதைக் காணச் செல்வோர், கரையிலேயே தைலத்தைக் கையில் ஊற்றிப் பூசிக்கொண்டு ஏற வேண்டும். படகில் அமர்ந்து பூச்சி மருந்தைக் காற்றில் பீச்சுவது, நாம் காண வந்த அந்த மின்மினிகளுக்கே கேடாக முடியும்.

உடையே முதற் கவசம்

கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே. முட்டைக்கு வேண்டிய சத்தை இரத்தத்திலிருந்து பெறுவதற்காகவே அவை கடிக்கின்றன. நாம் வெளிவிடும் கரியமில வாயு அவற்றைத் தூரத்திலிருந்து இழுக்கிறது. அருகே வந்ததும் வியர்வையின் வாடையும், சரீரத்தின் உஷ்ணமும், கரிய நிறத்தின் தோற்றமும் வழி காட்டுகின்றன. ஓடியாடி வியர்த்துக் களைத்தவர் அதிகம் கடிபடுவதற்குக் காரணம் இதுவே. ஆதலால் வெளிர்நிறத்தில், தொளதொளவென்று, மணிக்கட்டும் கணுக்காலும் மூடும் உடை அணியுங்கள். இறுக்கமான மெல்லிய காற்சட்டையினூடே கொசு எளிதாகக் கடிக்கும். தளர்ந்த பருத்தி உடையில் துணிக்கும் தோலுக்கும் இடையே உள்ள வெளியே ஒரு காவல். செருப்பைத் தவிர்த்துக் காலுறையும் சப்பாத்தும் அணிவதும், காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும் அவசியம். கணுக்காலே கொசுக்கள் பெரிதும் நாடும் இடம். தள்ளுவண்டியில் உறங்கும் குழந்தைக்குக் கொசுவலை போர்த்துவதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை.

கொசு விரட்டியைத் தேர்ந்து பூசும் முறை

மருந்துக்கடையில் புட்டியைக் கையில் எடுத்ததும், விளம்பர வாசகத்தைப் பாராமல், உட்பொருளின் பெயரையும் விகிதத்தையும் பாருங்கள். நெடுங்கால ஆராய்ச்சியால் பயன் நிலைநாட்டப்பட்டவை சிலவே. டீட் என்பது 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்கள் உபயோகத்துக்கு வந்தது. நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு கொண்டது ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். ஐம்பது பங்குக்கு மேல் வீரியத்தைக் கூட்டுவதால் காக்கும் நேரம் சொல்லத்தக்க அளவு கூடுவதில்லை. டீட் சில பிளாஸ்டிக் பொருள்களை அரிக்கும் இயல்புடையதாதலால், மூக்குக் கண்ணாடியும் தொலைநோக்கியும் தொடுமுன் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இகாரிடின் இருபது பங்கு கொண்டது அதற்கு நிகரான பலனும், வாடையும் பிசுபிசுப்பும் இல்லாத சௌகரியமும் உடையது. எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்திலிருந்து கிடைக்கும் பி.எம்.டி. என்னும் பொருளும் நன்கு பயன்படும். ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆகாது.

வெயில் காப்புக் களிம்பு பூசுவதானால் அதை முதலில் பூசி உலரவிட்டு, அதன் மேல் கொசு விரட்டியைப் பூசுக. திறந்திருக்கும் தோலில் மட்டும், இடைவெளி விடாமல், மெல்லிய படலமாகப் பூசினால் போதும். ஒரு விரலகலம் விட்டுப்போனாலும் கொசு அதைக் கண்டுபிடித்துவிடும். முகத்துக்கு நேரே பீச்சாமல், கையில் எடுத்துத் தடவுக. கண், வாய், புண், கீறல் ஆகியவற்றின் அருகே வேண்டாம். பிள்ளைகளுக்குப் பெரியவர்களே பூசிவிட வேண்டும். வாயில் வைக்கும் அவர்களுடைய கைகளில் பூசலாகாது. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு எந்த விரட்டியும் கூடாது. வியர்வையும் மழையும் தைலத்தை அகற்றிவிடுமாகையால், நம் புழுக்கத்தில் புட்டியில் குறித்த நேரத்துக்கு முன்பே மறுபடி பூச நேரலாம். வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கழுவிவிடுக. துணிக்குத் தோய்க்கும் பெர்மெத்ரின் மருந்து துணிக்கு மட்டுமே உரியது, தோலில் படலாகாது, ஈரம் உலருமுன் வீட்டுப் பூனை அதனருகே வந்தால் அதன் உயிருக்கே ஆபத்து.

நம்பத்தகாதவையும் அளவோடு நம்பத்தக்கவையும்

வேப்பிலைப் புகை, நொச்சித் தழை, சாம்பிராணி ஆகியவை நம் பாட்டிமார் தந்த செல்வம். மூடிய வீட்டில், மாலைப்பொழுதில், அவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால் காற்று வீசும் திறந்த வெளியில் புகை நிலைப்பதில்லை. கொசுவர்த்திச் சுருளுக்கும் அதுவே நிலை. எலுமிச்சைப்புல் வகையிலிருந்து எடுக்கும் வாசனைத் தைலம் கொசுவை விரட்டுவது உண்மையே. ஆயினும் அது விரைவில் ஆவியாகிவிடுவதால், அதை நம்புவோர் அடிக்கடி பூசிக்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் அணியும் வாசனைப் பட்டை, அந்த மணிக்கட்டுக்கு அப்பால் சரீரத்தைக் காப்பதில்லை. செவிக்குப் புலப்படாத ஒலியால் கொசுவைத் துரத்துவதாகச் சொல்லும் கருவிகளால் யாதொரு பலனும் இல்லை. இவற்றையெல்லாம்விட, மின்கலத்தால் சுழலும் ஒரு சிறு கைவிசிறி உண்மையான துணை. கொசு பறப்பதில் பலவீனமான பிராணி, மிதமான காற்றையும் எதிர்த்து வர அதற்கு இயலாது.

திரும்பிய பின் செய்ய வேண்டுவன

டிங்கிக் கிருமி உடலில் புகுந்து நான்கு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சலாக வெளிப்படும். ஆகவே பூங்காவுக்குச் சென்ற தேதியைக் குறித்து வைத்து, அடுத்த இரண்டு வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும், கண்ணுக்குப் பின்புற வலியும், மூட்டு நோவும் தோன்றினால், தாமதியாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கோ காஜாங் மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் இப்யூபுரோஃபனும் கூடா. பாராசிட்டமால் அளவோடு கொடுக்கலாம். காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்துவிடுவது பெரும் தவறு. இறங்கும் அந்த ஓரிரு நாள்களே கண்டத்துக்குரியவை. தாங்கொணா வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்க. மலையோரக் காட்டில் தங்கி வந்தவராயின், அதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்; நோலெசிக் கிருமி இருபத்து நான்கு மணிக்கு ஒருமுறை பெருகுவதாதலால், ஒரு நாள் தாமதமும் பெரிது.

முடிவாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேர் டிங்கியால் பாதிக்கப்பட்டு, 182 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் நமது சிலாங்கூர் மாநிலத்தவர். இத்துன்பம் பறவைகள் வாழும் ஏரிகளிலிருந்து புறப்பட்டதன்று. நம் வீட்டுப் பின்கட்டிலும், அடுக்குமாடி நடைவழியிலும், கோயிலுக்கும் கடைக்கும் இடைப்பட்ட சந்துகளிலும் தேங்கிய கையளவு தண்ணீரிலிருந்தே புறப்பட்டது. புகையடிப்பது அந்நேரம் பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி, முட்டையையும் புழுவையும் தொடாது. ஆகையால், பூங்காவுக்குப் புறப்படும் ஒவ்வொரு வாரமும், வண்டியில் ஏறுமுன் பத்து நிமிஷம் ஒதுக்கி, பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்து, வாளிகளைத் தேய்த்துக் கழுவி, சாமி மாடத்துச் செம்பின் நீரை மாற்றி, கூரைத் தாரையில் அடைத்த சருகை அகற்றி, நீக்க முடியாத தேக்கத்தில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை இட்டுச் செல்லுங்கள். அதன் பின், முழுக்கை உடையும் தக்க தைலமும் துணையாக, சரியான வேளையில் ஏரிக்கரைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அஞ்ச வேண்டியது மிகக் குறைவு; கண்டு மகிழ வேண்டியதோ மிக மிக அதிகம்.